டிரங்குப் பெட்டியில் கிடக்கும் சதவீதம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் முன்னாள் படைவீரர் வீடுகளில், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை பெயின்ட்டால் எழுதிய எண், பதவி, பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, பதக்கங்கள், மங்கிய குழுப்படங்கள். அவற்றுக்கு நடுவே, பணியின் கடைசி மாதங்களில் கூடிய மெடிக்கல் போர்டின் தாள்களும் இருக்கலாம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதன் பிறகு பலர் அவற்றைப் படித்ததில்லை. அந்தத் தாள்களில் உள்ள ஒரு எண்ணும் ஒரு வார்த்தையும்தான் டிஸபிலிட்டி பென்ஷன் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதை முடிவுசெய்கின்றன.

முதலில் எண். பீரங்கிப் படையில் கேட்கும் திறனை இழந்த காது, பயிற்சியில் தேய்ந்த முழங்கால், விலகிய முதுகெலும்புத் தட்டு, ரத்தக் கொதிப்பு என ஒவ்வொன்றுக்கும் போர்டு ஒரு சதவீதம் போடும். 20 சதவீதமாவது இருந்தால்தான் பேச்சே தொடங்கும். டிஸபிலிட்டி பென்ஷனில் இரண்டு கூறுகள். ஒன்று, பணிக்காலத்துக்கான பங்கு. இன்னொன்று, உடல் பாதிப்புக்கான பங்கு. பாதிப்பு 100 சதவீதமாக இருந்தால் இந்த இரண்டாம் பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பாதிப்பு குறையக் குறைய அதுவும் அதே விகிதத்தில் குறையும்.

கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதப் பாதிப்புக்கு 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி வருகிறது. மருத்துவர்கள் போடும் சதவீதத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பதால், அதை மேல்நோக்கி முழுமைப்படுத்தும்படி பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று ஆணையிட்டது. 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேலே இருந்தால் 100. படைவீரர்கள் இதை ‘பிராட் பேண்டிங்’ என்பார்கள். அதே 20 சதவீதக்காரருக்கு இப்போது 2,400 அல்ல, 6,000 ரூபாய். அதன்மேல் அகவிலை நிவாரணம் தனி.

ஆனால் உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு நெடுங்காலம் சொல்லிவந்தது. பாதிப்போடேயே பல்லைக் கடித்துக்கொண்டு பணிக்காலத்தை முடித்தவருக்குக் கிடையாதாம். நோயைத் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தவருக்குக் குறைவு என்பது எந்த ஊர் நியாயம்? உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே, ஏற்கெனவே டிஸபிலிட்டி பென்ஷன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் பி.பி.ஓ.வில் போர்டு போட்ட சதவீதம் அப்படியே இருக்கிறதா, முழுமைப்படுத்திய சதவீதம் இருக்கிறதா என்பதை.

நோய் முற்றியிருந்தால் மறு மதிப்பீடு கேட்கலாம். போர்டு போட்ட சதவீதம், நிரந்தரப் பாதிப்பைப் பொறுத்தவரை, அவரே மறு ஆய்வு கேட்டாலொழிய வாழ்நாள் முழுதும் இறுதியானது என்கிறது அதே 2001 ஆணை. கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 30 சதவீதம் 40 ஆனால் பணத்தில் ஒரு ரூபாய்கூட மாறாது, இரண்டும் 50-க்குள்தான் அடக்கம். 50-ஐத் தொட்டால்தான் 75 ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகளைப் போர்டு நேரடியாகக் கூட்டாது, கூட்டு மதிப்பீடாகக் கணக்கிடும். 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். மறு ஆய்வில் சதவீதம் குறையவும் வாய்ப்புண்டு.

அடுத்தது அந்த வார்த்தை. உண்மையில் எண்ணைவிட இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. பாதிப்பு ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்று போர்டு எழுதிவிட்டால் எத்தனை சதவீதம் இருந்தும் பயனில்லை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நானா’ என்பார்கள். ‘பரம்பரை சார்ந்தது’, ‘உடலமைப்பு சார்ந்தது’ என்று ஒரே வரியில் காரணம் எழுதப்பட்ட தாள்கள் ஏராளம்.

தரம்வீர் சிங்கின் தாளும் அப்படிப்பட்டதுதான். 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். சேரும்போது எந்த நோயும் பதிவாகவில்லை. சுமார் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1994-ல், வலிப்பு நோய் என்று 20 சதவீதப் பாதிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றது போர்டு. இமாச்சல் உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றபோது பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்தத் தீர்ப்பு சொன்னது இது: சேரும்போது ஒருவர் நல்ல உடல்நிலையோடு எடுக்கப்பட்டு, குறை எதுவும் பதிவாகாவிட்டால், பின்னால் வரும் நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று சொல்லும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், அதற்குக் காரணத்தை எழுத வேண்டும். முழு உடல்தகுதியைக் குறிக்கும் ‘ஷேப் ஒன்’ என்று உச்சி முதல் பாதம் வரை சோதித்து எடுத்துக்கொண்ட அதே அமைப்பு, போகும்போது ‘உன் உடம்பே இப்படித்தான்’ என்று கைகழுவ முடியாது.

இதற்கும் எல்லை உண்டு. தரம்வீர் சிங் பெயரைப் போலவே ஒலிக்கும் தரம்பீர் சிங் வழக்கு ஒன்று இருக்கிறது. விடுப்பில் இருந்தபோது நேர்ந்த விபத்து தொடர்பானது. விடுப்பில் இருந்தார் என்பது மட்டும் போதாது, காயத்துக்கும் படைப்பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மறுத்துவிட்டது. முதல் தீர்ப்பை மட்டும் காட்டி ‘கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்கள் இந்த இரண்டாம் தீர்ப்பைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பின் பணியிலிருந்து வருகிறவர்கள் பழைய விதிகளை நம்பி மனு எழுதக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது? மெடிக்கல் போர்டு தாள்களிலிருந்துதான். பெட்டியில் இல்லையென்றால் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸிடம் நகல் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், ஈ.எம்.இ. என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதய நோய் என்றால், நெஞ்சுவலி வந்த நாளுக்கு முந்தைய 14 நாட்களில் என்ன வேலை கொடுக்கப்பட்டிருந்தது என்ற பதிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். போர்டு அதைத்தான் பார்க்கும். பனிமலையிலும் எல்லையிலும் பணியாற்றிய காலத்தைத் தேதியோடு எழுதி வைப்பதும் அவசியம்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே அமர்வு இருப்பதால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. ஆவடியில் சி.ஆர்.பி.எஃப். குழு மையமும் இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சி.ஆர்.பி.எஃப். காரர்களுக்கு இந்த விதிகளும் இந்தத் தீர்ப்பாயமும் பொருந்தாது. அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான தனி விதிகள் இருக்கின்றன.

உதவி கேட்கப் போகும் அலுவலகத்திலும் இந்தப் பகுதியில் ஒரு குழப்பம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்குள்ளவர்கள் சென்னை அலுவலகத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்காக, சைனிக் போர்டு எனப்படும் இந்த நல அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைக்கும் திட்டத்தைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கியது. அப்படி ஒன்று திறந்திருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்.

காலம் கடந்துவிட்டதே என்பவர்களுக்குத் தர்செம் சிங் வழக்கு. 1983-ல் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்டவர், பதினாறு ஆண்டு கழித்துத்தான் நீதிமன்றம் போனார். மாதாமாதம் பென்ஷன் மறுக்கப்படுவது தொடரும் தவறு என்பதால் தாமதம் உரிமையைக் கொன்றுவிடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த 2008 தீர்ப்பு அவருக்கு நிலுவையை மூன்று ஆண்டுக்கு மட்டும் சுருக்கியது. மீதி ஆண்டுகளின் பணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

வென்ற பிறகும் அரசு விடாமல் மேல்முறையீடு செய்வது தனி வேதனை. தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை எதிர்த்து மத்திய அரசு போட்ட ஏறக்குறைய 300 மனுக்களை 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்றாகத் தள்ளுபடி செய்தது. அந்த ஒவ்வொரு மனுவின் மறுபக்கத்திலும் ஒரு குடும்பம் காத்திருந்தது.

அதற்குள் வீரர் இறந்துவிட்டால், அவருக்குச் சேர வேண்டிய நிலுவையை மனைவி கேட்கலாம், நடக்கும் வழக்கைத் தொடரலாம். கணவர் எந்த ரெஜிமெண்ட், எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்று தெரியாமல் நல அலுவலக வாசலில் திகைத்து நிற்கும் அம்மாக்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை வீட்டுக்குப் போய் அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் துடைத்துப் பார்க்கட்டும். வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், கோப்பைத் தேடத் தொடங்கிவிடலாம்.