இரவில் கடல் உள்ளே வரும்

கலிபோர்னியாவின் மான்டரே நகரில், ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசைகட்டி நின்ற கடலோரத் தெரு கேனரி ரோ. மீன்வளம் சரிந்ததும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றில் ஒன்றான ஹோவ்டன் ஆலை இருந்த இடத்தில், டேவிட் பேக்கர்ட், லூசில் பேக்கர்ட் தம்பதியின் கொடையில், 1984 அக்டோபர் 20 அன்று மான்டரே விரிகுடா மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஆலையின் பழைய கொதிகலன்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

நுழைந்ததும் குழந்தைகள் கடல் நீர்நாய்களைத் தேடி ஓடுவார்கள். ஆனால் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம், 28 அடி உயரமுள்ள கெல்ப் காடு. கெல்ப் என்பது மரம்போல் வளரும் பழுப்புநிறக் கடற்பாசி. ஒவ்வொரு இலையின் அடியிலும் காற்று நிரம்பிய சிறு குமிழ் இருக்கிறது. அதுதான் கொடியை மேலே தூக்கி நிறுத்துகிறது. வெயில் இல்லாமலும் அசையாத நீரிலும் இது பிழைக்காது. அதனால் தொட்டியின் மேற்புறம் வெயிலுக்குத் திறந்திருக்கிறது. ஓர் இயந்திரம் ஏறி இறங்கி அலையை உண்டாக்குகிறது. காடு முழுவதும் ஒருசேர இப்படிச் சாய்ந்து, அப்படித் திரும்புகிறது. நடுவே பாறைமீன்களும் சிறுத்தைச் சுறாக்களும் நீந்துகின்றன.

தண்ணீர் விரிகுடாவிலிருந்தே குழாய் வழியாக வருகிறது. பகலில் பார்வையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று வடிகட்டுகிறார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள். அந்த நீரோடு மிதவையுயிர்களும் கடலுயிர்களின் இளம் பருவங்களும் உள்ளே வந்து, பாறையில் தாமாகவே குடியேறிவிடுகின்றன. இந்தக் காட்சியகத்தின் சிறப்பு இதுதான்: கடலுக்கும் தொட்டிக்கும் நடுவே போட்ட கதவை இங்கே இரவில் பூட்டுவதில்லை.

நீர்நாய்களின் கதையும் அப்படியே. மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாவில் சுமார் 50 மட்டுமே எஞ்சியிருந்த இனம் இது. இப்போது ஏறத்தாழ 3,000. தாயைப் பிரிந்து கரையொதுங்கும் குட்டிகளைக் காட்சியகத்தார் எடுத்துவந்து வளர்க்கிறார்கள். மனிதரோடு பழகிவிட்டால் குட்டியால் கடலில் வாழ முடியாது. ஆகவே பராமரிப்பாளர்கள் முகத்தை வெல்டிங் கவசத்தாலும் உடலைக் கறுப்பு அங்கியாலும் மறைத்துக்கொண்டுதான் அருகே போவார்கள். பிறகு, மீண்டும் கடலுக்குப் போக இயலாத பெண் நீர்நாய் ஒன்று வளர்ப்புத் தாயாகி, சிப்பியைக் கல்லால் உடைக்கக் கற்றுத்தருகிறது.

இப்படி வளர்ந்த 37 குட்டிகளை 2002 முதல் 2016 வரை அருகிலுள்ள எல்க்ஹார்ன் கழிமுகத்தில் விட்டார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே நீர்நாய்கள் பெருகியதில் பாதிக்கும் மேலான பங்கு இவற்றுக்கும் இவற்றின் வாரிசுகளுக்கும் உரியது என்று ஆய்வு கண்டது. கழிமுகத்து நீர்நாய்கள் நண்டுகளைத் தின்கின்றன. நண்டு குறைந்ததும், கடற்புல்லின் மேல் படியும் பாசியை மேயும் ஓடில்லாக் கடல் நத்தைகள் பெருகின. புல்லும் மறுபடி பரவத் தொடங்கியது.