எடைக்குப் போடுமுன் காப்பைத் திருப்பிப் பாருங்கள்!

மும்பாதேவி கோவிலை ஒட்டிய ஜவேரி பஜாருக்குப் பழைய வெள்ளிக் காப்பு ஒன்றை எடுத்துச் சென்றால், முதலில் வெளியே வருவது தராசு. எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு? இந்த இரண்டு கேள்விகளோடு விஷயம் முடிந்துவிடும். காப்பில் என்ன உருவம் இருக்கிறது, எந்த ஊர்ப் பத்தர் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. விலை பேசி முடிந்ததும் காப்பு குகைக்குள் போய் உருகிக் கட்டியாகிவிடும்.

அதே காப்பு சோர் பஜாரில் பழம்பொருள் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் கதை வேறு. அங்கே எடைக்கு விலை இல்லை. உருவத்துக்கும் வேலைப்பாட்டுக்கும்தான் விலை. இரண்டு கடைவீதிகளுக்கும் இடையே உள்ள தூரம் நடந்தே போய்விடக் கூடியது. ஆனால் கையில் இருப்பது எந்த ஊர்க் காப்பு என்று தெரியாதவர் முதல் கடையிலேயே விற்றுவிட்டுத் திரும்புகிறார். வீட்டில் மருத்துவச் செலவு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று அவசரமாக விற்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

வெள்ளி விலை ஏறும்போது இந்த அழிவு இன்னும் வேகமாக நடக்கும். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, பல நாடுகளில் பழைய வெள்ளிச் சாமான்கள் மூட்டை மூட்டையாக உருக்கப்பட்டன. அவற்றில் எத்தனை அபூர்வமான வேலைகள் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது.

சென்னையின் ‘சாமி வேலை’

பழைய காப்புகளில் தமிழர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது, சென்னையில் செய்யப்பட்ட ‘சுவாமி வெள்ளி’. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்களிடையே இதற்கு ஏக கிராக்கி. தெய்வ உருவங்களை வெள்ளித் தகட்டில் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்வார்கள். அல்லது தனியாகச் செய்து பற்றவைப்பார்கள். சில சமயம் திருகாணி வைத்தும் பொருத்துவார்கள். 1849-ல் தொடங்கிய மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இந்த வேலைக்குப் பேர் பெற்றது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர்) சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த இந்தியப் பரிசுப் பொருள்கள் 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. சுவாமி வெள்ளியின் புகழ் கடல் கடந்தது.

தேநீர்ப் பாத்திரத்தின் வயிற்றிலும் சர்க்கரைக் கிண்ணத்திலும்கூட தெய்வங்கள் ஏறின. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்திருந்தால் கன்னத்தில் போட்டுக் கொண்டிருப்பார்கள்! துரைசானிகளின் கைக்கு அதே பாணியில் காப்புகள் செய்யப்பட்டன. சிறு சிறு தகடுகளைக் கீல் வைத்துக் கோத்திருப்பார்கள். தகட்டுக்கு ஒரு தெய்வம்.

உருவங்களை அடையாளம் காண்பதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோவில் தூணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மயிலும் வேலும் இருந்தால் முருகன். மூஞ்சூறு இருந்தால் பிள்ளையார். காளை சிவனுக்கு, கருடன் பெருமாளுக்கு. இருபுறமும் யானைகள் நீர் சொரிந்தால் கஜலட்சுமி. இடுப்புக்குக் கீழே மீன், அடுத்த தகட்டில் ஆமை, அதற்கடுத்து வராகம் என்று வரிசையாக வந்தால் அது தசாவதாரக் காப்பு. முகம் தேய்ந்திருந்தாலும் வாகனத்தையும் ஆயுதத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம்.

நெருஞ்சி முள்ளும் மகர முகமும்

மும்பையில் அதிகம் கண்ணில் படுவது குஜராத், ராஜஸ்தான் காப்புகள். சுற்றிலும் முனை முனையாகக் குமிழ்கள் நீட்டிக் கொண்டிருக்கும் காப்புக்கு அங்கே ‘கோக்ரு’ என்று பெயர். கோக்ரு என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் காட்டுப் பாதையில் காலில் குத்துமே, அந்த நெருஞ்சிதான்! முள்ளையே நகையாக்கிவிட்டார்கள்.

இன்னொரு வகையில் காப்பின் இரு நுனிகளிலும் விலங்கு முகம் இருக்கும். யானை முகமாக இருக்கலாம்; வாய் பிளந்த மகரமாக இருக்கலாம். கோவில் வாசலில் மகர தோரணத்தில் நாம் பார்க்கும் அதே மகரம்தான் இது. திறந்த வாயிலுக்குக் காவலாக நிற்பதுபோல் இரு முகங்களும் எதிரெதிரே நிற்கும். தமிழில் கைநகைக்குக் ‘காப்பு’ என்று பெயர் வைத்ததும் காவல் என்ற பொருளில்தானே?

இந்த வகைக் காப்பில் ஒரு எச்சரிக்கை. உள்ளே கூடாக இருந்தால் அரக்கு அடைத்திருப்பார்கள். அரக்கின் எடை வெள்ளி எடை ஆகாது.

நெருக்கமான கொடியும் இலையும், அவற்றுக்கிடையே ஓடும் மிருகங்களும் கட்ச் வேலையின் அடையாளம். பூஜ் நகரில் அரண்மனை வெள்ளி வேலைக்காரராக இருந்த உமர்சி மாவ்ஜி என்பவர் 19-ம் நூற்றாண்டில் இதில் மன்னன். ‘ஓ.எம்.’, ‘பூஜ்’ என்ற ஆங்கில எழுத்துகள் அவருடைய முத்திரை. மற்ற ஊர்களில் லக்னோ வேலைக்கு வேட்டைக் காட்சியும் பனைமரமும், கல்கத்தாவுக்குக் கிராமக் காட்சி, காஷ்மீருக்குச் சால்வையில் வரும் மாங்காய்.

முத்திரை இல்லாவிட்டால் போலியா?

பலரும் ஏமாறும் இடம் இது. இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்துச் சிங்க முத்திரை குத்துவது பழைய வழக்கம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்து இந்தியாவில் அப்படிக் கட்டாயச் சோதனை இருந்ததில்லை. பெரிய கடைகள் தங்கள் பெயரைக் குத்தின; கிராமத்துப் பத்தர்கள் ஒன்றும் குத்தவில்லை. எனவே முத்திரை இல்லாதது குற்றமல்ல. மாறாக, இந்திய அரசின் ஹால்மார்க் முத்திரை வெள்ளிக்கு வந்ததே 2005-ல்தான். அந்த முத்திரையோடு ஒரு காப்பைக் காட்டி “நூறு வருஷத்துப் பாட்டி நகை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் துளிகூட வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது.

கிராமத்துக் காப்புகளுக்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெள்ளி ரூபாய்தான். விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் சுமார் 91.7 சதவிகிதம் வெள்ளி. 1940-ல் அது பாதியாகக் குறைந்தது. 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது. இத்தனை ரூபாய் என்று எண்ணிப் பத்தரிடம் கொடுத்து, அதே எடைக்கு நகை வாங்கி, கூலியைத் தனியாகக் கொடுப்பார்கள். ஆகவே பழைய காப்பின் எடை 116 அல்லது 233 கிராமை ஒட்டி இருந்தால், பத்து அல்லது இருபது ரூபாய் உருகியது என்று ஊகிக்க இடமுண்டு.

காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது இரும்பைத்தான் காட்டிக் கொடுக்கும். பித்தளையையும் செம்பையும் காட்டாது. உரைகல்லே மேல்.

விபூதி, புளி, சாம்பல் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துவது நல்லது. குழிகளில் படிந்த கறுப்பினால்தான் உருவங்கள் எடுத்துத் தெரிகின்றன. தேய்க்கத் தேய்க்க முருகனின் மூக்கும் போகும், விலையும் போகும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

1872-ல் திறக்கப்பட்ட பைகுல்லா பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தில் 19-ம் நூற்றாண்டுக் கைவேலைகள் உள்ளன. ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் இதற்குள்ளும் நுழைந்து பார்க்கலாம்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினருக்குக் காப்பைக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வயதில் சந்தேகம் இருந்தால், “இது தொல்பொருள் அல்ல” என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் பெற்ற பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.