உதடு வெடித்தால் நாக்கை அடக்குங்கள்

மார்கழிப் பனியில் எழுந்ததும் உதடு இழுத்துப் பிடிக்கிறது. கொட்டாவி விட்டால் நடுவில் ஒரு கீற்று வெடித்து ரத்தம் துளிர்க்கிறது. கை தோலை உரிக்கப் போகிறது, நாக்கு உதட்டைத் தடவப் போகிறது. முதலில் இந்த இரண்டையும் நிறுத்துங்கள்.

உதடு மட்டும் ஏன் இப்படி? முகத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் (தோலுக்குப் பிசுபிசுப்பு தரும் நுண்பைகள்) நிறைய உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் அவை இல்லை என்றே சொல்லலாம். தோலும் மிக மெல்லியது. பனிக்காற்றோ ஏசி காற்றோ பட்டதும் ஈரம் போய்விடும். மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினாலும் அப்படித்தான்.

நக்கினால் ஈரமாகத்தானே இருக்கிறது? சில நொடிகளுக்குத்தான். எச்சில் காயும்போது உதட்டின் ஈரமும் சேர்ந்து போகிறது. சோற்றைச் செரிக்க உதவும் நொதிகள் எச்சிலில் இருக்கின்றன. அவை அந்த மெல்லிய தோலையும் உறுத்தும். மறுபடி காயும், மறுபடி நக்குவோம். சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். உற்றுப் பாருங்கள், நாக்கு எட்டும் தூரத்தோடு அது நின்றுவிடும். திட்டாதீர்கள். பிள்ளை நக்க நினைக்கும்போதெல்லாம் தடவிக்கொள்ள ஏதாவது கையில் கொடுங்கள்.

எதைத் தடவுவது? மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லி (வாசலின் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்) போதும். அது ஈரத்தைத் தராது, இருக்கும் ஈரத்தை மூடி வைக்கும். அதனால் முகம் கழுவியதும், உதடு முழுக்கக் காய்வதற்குள் மிளகளவு எடுத்துப் பூசுங்கள். சாப்பிட்ட பிறகும் பூசுங்கள். படுக்கப்போகும்முன் தடிப்பாகவே பூசலாம். அது இல்லாவிட்டால் நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். அடிக்கடி தடவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஜில்லென்று இருக்கும் லிப் பாம் நல்லதா? அந்தக் குளிர்ச்சி மென்தாலோ கற்பூரமோ தருவது. வெடித்த உதட்டை அது இன்னும் உறுத்தும். சர்க்கரையால் தேய்ப்பதும் வேண்டாம்.

தொப்புளில் எண்ணெய் விடச் சொல்கிறார்களே? தொப்புளிலிருந்து உதட்டுக்கு வழி எதுவும் இல்லை. அந்தச் சொட்டை உதட்டிலேயே தடவுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஆறவில்லையா? பற்பசையை மாற்றிப் பாருங்கள். அதிலுள்ள வாசனைப்பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்தால் உதடு காய்வது மிகச் சாதாரணம். நீங்களாக நிறுத்தாமல், மாத்திரை தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாயின் ஓரங்களில் மட்டும் வெடித்து எரிந்தால் அது வேறு. பூஞ்சைத் தொற்று, இரும்புச்சத்துக் குறைவு, பி2 போன்ற வைட்டமின்களின் குறைவு, சரியாகப் பொருந்தாத பல்செட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஜெல்லி மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயலிலோ கட்டட வேலையிலோ நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 உள்ள லிப் பாம் பூசுங்கள், கீழுதட்டில் தவறாமல். அங்கே வெள்ளையாகச் சொரசொரப்பான திட்டோ புண்ணோ வந்து மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், வலி இல்லையென்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயின் தொடக்கம் சில சமயம் இப்படித்தான் தெரியும்.