சேலைக் கணக்கு எங்கே பத்திரமாக இருக்கிறது?

சின்னாளப்பட்டிச் சுங்குடியை வாங்க இன்று யாரும் திண்டுக்கல் பஸ் ஏற வேண்டியதில்லை. வலைத்தளத்தில் ஆர்டர் போட்டால் கொரியரில் வந்துவிடும். வாங்குபவரின் பெயர், பின்கோடு, கேட்ட நிறம், பணம் கட்டியாயிற்றா என்ற விவரம் எல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில், வாடகைக்கு எடுத்த சர்வரில் கிடக்கின்றன. ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஜவுளிக்காரர்கள் பெரும்பாலும் மாத வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கட்டடமே இல்லாமல் போனால் நம் கணக்கு எங்கிருந்து திரும்பி வரும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் அழிந்தது. ஐரோப்பாவின் முன்னணி ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று ஓவிஎச். காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, வெளியே நகல் இல்லாத 858 டெராபைட் அரசு ஆவணங்கள் அழிந்தன. அரசாங்கத்துக்கே இந்தக் கதி. நமக்குப் பக்கம் சென்னை. கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய டேட்டா சென்டர்கள் வளர்ந்திருக்கின்றன. சர்வரை அங்கே வைப்பது நல்லதுதான். ஆனால் 2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் பார்த்த நகரம் அது. நகல் ஐதராபாத் போன்ற கடலோரம் இல்லாத ஊரில் இருந்தால், ஒரே புயல் இரண்டையும் தொடாது.

‘99.9 சதவீதம் இயங்கும் என்று எழுதித் தருகிறார்களே’ என்பார்கள். மிச்சமுள்ள 0.1 சதவீதம் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம். அது தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம். அதற்கு ஈடாகப் பொதுவாகக் கிடைப்பது வாடகையில் ஒரு தள்ளுபடி, போன வியாபாரம் அல்ல. டேட்டா சென்டர்களுக்குத் தரப்படும் ‘டியர் 3’ சான்றிதழும் மின்சாரம், குளிரூட்டல் பற்றியதே. பராமரிப்புக்காகக் கட்டடத்தை நிறுத்த வேண்டாம் என்று அது சொல்கிறது; உங்கள் நகலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சிறு கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. ஆர்டர் விவரங்கள் எழுத்தும் எண்ணும்தான். வருடக் கணக்கு முழுவதும் ஒரு பென்டிரைவில் அடங்கும். வேறு நிறுவனத்திடம் தினமும் ஒரு நகல் வைக்க ஆகும் செலவு சொற்பம். தமிழில் போன் எடுத்துப் பேசும் உள்ளூர் நிறுவனத்தை நம்புவதும் தவறில்லை, பெரிய பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதை ஸ்ட்ராஸ்பர்க் காட்டிவிட்டது. பல ஒப்பந்தங்களில் நகல் எடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பு என்றே எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வாடிக்கையாளர் விவரங்களுக்குக் கடைக்காரரைத்தான் பொறுப்பாக்குகிறது.

ஆகவே பணம் கட்டும் முன் ஒரு சோதனை கேளுங்கள்: போன வாரத்து ஆர்டர்களை, வெளியூர் நகலிலிருந்து ஒரு காலி சர்வரில் உங்கள் கண்முன்னே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போக வேண்டாம்.