ஒன்றரை வயதோடு கடலுக்கும் மலைக்கும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கன்னியாகுமரியில் சூரிய உதயம், பிறகு மதுரை, கடைசியில் கொடைக்கானல் என்று வண்டி பேசிக் கிளம்பும் குடும்பங்களில் அநேகமாக ஒரு சின்னக் குழந்தையும் இருக்கும். வண்டி வாடகை, அறை வாடகை என்று எல்லாவற்றுக்கும் பேரம் பேசுகிறோம். குழந்தைக்காகக் கேட்க வேண்டியதை மட்டும் ஏனோ கேட்பதில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கும் இடங்களில்கூட வாயைத் திறப்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வண்டியிலேயே தொடங்குவோம். குழந்தை முன் சீட்டில் அம்மா மடியில் இருப்பதுதான் நம் வழக்கம். மோதலின்போது மடியிலிருக்கும் பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அம்மாவின் சீட் பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டினாலோ, அவருடைய உடல் எடையே குழந்தையை நசுக்கும். முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தை இருக்கை வேண்டும், பின் சீட்டில் பெல்ட் வேலை செய்ய வேண்டும் என்று வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள். குறைந்தது இரண்டு வயது வரை அந்த இருக்கை பின்புறம் பார்த்தபடி பின் சீட்டில் இருக்க வேண்டும். போன இடத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறீர்களா? ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

தென்கோடிக் கடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குமரி, கேரளக் கரைகளில் மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் பலத்த காற்றில் பிறக்கும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாகத்தான் இருக்கும். திடீரென்று கடல் பொங்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் முன்னதாகவே எச்சரிக்கை விடுத்திருந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், முழங்கால் அளவுத் தண்ணீரில் குழந்தையை இடுப்பில் வைத்து போட்டோ எடுப்பதை என்னவென்று சொல்ல? அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். தடுமாறி விழும் கணத்தில் குழந்தை கைநழுவிவிடும். கிளம்பும் காலையில் இன்கோயிஸ் அறிவிப்பைப் பாருங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் “இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விடுதியில் நீச்சல் குளமோ, நிரப்பி வைத்த வாளியோ இருந்தால் அதுவும் கடல்தான். குப்புற விழுந்த குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், சத்தமும் கேட்காது.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு மார்பை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

மலைக்கு வருவோம். வத்தலக்குண்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், பெரியவர்கள் போடும் வாந்தி மாத்திரையில் பாதியை உடைத்துக் குழந்தைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. அதில் ப்ரோமெத்தசின் இருந்தால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடிய மருந்து அது. வண்டியை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள், மாத்திரை வேண்டாம்.

குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது மரணத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிய தணலிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். விடுதிக்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று கேட்டு, அழகான டப்பாவில் வரும் பழச்சுவைப் பானத்தை வாங்கிவிடாதீர்கள். சர்க்கரை மிகுந்த அந்தப் பானங்கள் வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, விதிப்படி தயாரிக்கப்படாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவன முறைப்படி என்று அச்சிட்ட பொடிப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, குறிப்பிட்ட அளவு கொதித்து ஆறிய நீரில் முழுவதையும் கரையுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, துவண்டு கிடக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பிஸ்கட்டைப் பறிக்க வந்த குரங்கு கீறினாலும் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ பூச வேண்டாம். அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். அன்றே முதல் ஊசி போட்டு, சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் மீதியை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போட வேண்டிய ரேபிஸ் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலின் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். அவசர நிலையில், “முதலில் பணம் கட்டுங்கள்” என்று எந்த மருத்துவமனையும் முதலுதவியை மறுக்க முடியாது. பரமானந்த் கடாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

வெந்நீர் உண்டு, தொட்டில் உண்டு என்று விளம்பரம் செய்து முன்பணம் வாங்கிய விடுதி கைவிரித்தால் அது சேவைக் குறைபாடு. விளம்பரத்தையும் ரசீதையும் போனில் படமெடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மலைக்குத் திரும்ப ஏற வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கும் கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.