பல் மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007 பிப்ரவரியில் டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்துபோனான். சொத்தைப் பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்கு ஏறிவிட்டது. சுமார் 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகளோடு மருத்துவமனைச் செலவு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு அந்தக் குடும்பத்துக்கு இருந்து, இடையில் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கும் படிவம், அவர்கள் காலிசெய்துவிட்ட வீடற்றோர் காப்பகத்துக்குப் போயிருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன. தாய் அசட்டையாக இருந்தவரல்லர். இளைய மகனின் ஆறு சொத்தைப் பற்களுக்காக அலைந்துகொண்டிருந்தார். மெடிக்கெய்டை ஏற்கும் மருத்துவரைக் கண்டுபிடிக்க ஒரு பொதுநல வழக்கறிஞர் அலுவலகமே போன்மேல் போன் போட வேண்டியிருந்தது. முகவரி, படிவம், அலைச்சல் ஆகியவை ஒரு பிள்ளையின் உயிருக்கும் சிகிச்சைக்கும் நடுவே நின்றன. இவற்றைக் கையாளப் பயிற்சி பெற்றவர் சமூகப் பணியாளர். பல் மருத்துவமனையில், குறிப்பாகப் பல் மருத்துவக் கல்லூரியில், அவருக்கு நிரந்தர இடம் வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகம் 2001-இலேயே இதைத் தொடங்கியது. அங்கே பல் மருத்துவக் கல்லூரியும் சமூகப் பணிக் கல்லூரியும் இணைந்து ‘கேர்ஸ்’ திட்டத்தை உருவாக்கின. இத்தகைய திட்டத்தில் சமூகப் பணியாளர் என்ன செய்வார் என்று பார்க்க, பல்செட் கட்ட வரும் ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். அளவெடுக்க, கடிமானம் பார்க்க, பொருத்த, உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய என்று அவர் பலமுறை வர வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் ‘வரவில்லை’ என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடலாம். சமூகப் பணியாளரோ காரணத்தைத் தேடுவார்: வண்டி இல்லையா, காப்பீடு நின்றுவிட்டதா, ஊசி என்றால் பயமா, படுக்கையில் கிடக்கும் மனைவியை விட்டு வர முடியவில்லையா? அதற்கேற்ற உதவியையும் ஏற்பாடு செய்வார். உடனிருந்து பார்க்கும் மாணவர், சிகிச்சைக்கு வராதவரை அலட்சியக்காரர் என்று ஒதுக்காமலிருக்கக் கற்றுக்கொள்கிறார். இதைப் பாடப்புத்தகம் மட்டும் கற்றுத்தராது.

நோயாளியிடம் மருத்துவரே விசாரிக்கலாமே என்பார்கள். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் படிவத்தை நிரப்பி, அலுவலகத்தோடு பேசி, வண்டி ஏற்பாடு செய்வதற்குள் வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். சம்பளச் செலவு அதிகம் என்பதும் நியாயமான கேள்விதான். ஒருவர் வராத நேரத்தில் நாற்காலியும் மாணவரும் ஆசிரியரும் சும்மா இருப்பதும் செலவுதான். முற்றிய நோய்க்கு ஆகும் செலவை மேரிலாந்து காட்டிவிட்டது. காப்பீடு தந்தால் போதும் என்பாரும் உண்டு. அமெரிக்கா 2009-இல் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கியது. அது தேவையான சட்டம்தான். ஆனால் காப்பீடு காலாவதியாகாமல் காப்பதும், அதை ஏற்கும் மருத்துவரிடம் பிள்ளையைச் சேர்ப்பதும் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. காப்பீடு தரும் குறைந்த கட்டணத்துக்கு மருத்துவர்கள் முன்வராத சிக்கலைச் சமூகப் பணியாளரால் தீர்க்க முடியாது. அதற்கு அரசுதான் கட்டணத்தை உயர்த்த வேண்டும். கல்லூரிகள் தம் பங்குக்கு, முடித்த சிகிச்சைகளோடு பாதியில் நின்றவர்களையும் கணக்கில் எடுத்து, அவர்களைத் தேடிப்போக ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும்.