தனியொருவருக்கு ஓர் இராப்போசனம்

சமையற்கலை நம்மவரிடையே குடும்பத்தை நடுவாகக் கொண்டு வளர்ந்ததாகும். உலையில் இடும் அரிசி முதல் அம்மியில் அரைக்கும் கூட்டு வரை யாவும் நால்வர் ஐவருக்கு என்ற அளவிலேயே கைப்பழக்கத்தில் அமைந்துள்ளன. ஆதலால், தொழில் காரணமாகப் பட்டினத்தில் அறையொன்றில் வாழ்பவரும், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வீட்டில் தனித்திருக்கும் முதியவரும், “ஒரு வயிற்றுக்கு அடுப்பு மூட்டுவதா?” என்று எண்ணி, பாணும் தேநீருமாக இரவைக் கழித்துவிடுகின்றனர். இது சிறு குறையன்று. வயது ஏற ஏறத் தசைகள் இயல்பாகவே மெலிகின்றன. அம்மெலிவைத் தடுக்கப் புரதம் மிக்க உணவு நாள்தோறும் வேண்டும். பசி குறைந்த முதியவருக்கு உணவில் விருப்பம் உண்டாதலும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் உணவுகளில் ஒன்று, உறைப்பாகச் சமைத்த இறைச்சித் துண்டும் இறாலும் ஆகும்.

‘ஸ்ரேக்’ எனப்படும் மாட்டிறைச்சித் துண்டையும் கடலுணவையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறும் வழக்கம் 1960களில் அமெரிக்க உணவுச்சாலைகளிற் பரவியது. அங்கே அது விருந்துணவு. ஆயினும், அதன் அமைப்பு தனியொருவருக்கே மிகவும் பொருத்தமானது. கறியைச் சிறிய அளவிற் காய்ச்சினால் நீர் விரைவில் வற்றி அடிப்பிடித்துவிடும். துண்டாகப் பொரிக்கும் இறைச்சிக்கோ அத்தொல்லை இல்லை. ஒரு தாச்சி, ஓர் அடுப்பு, அரை மணித்தியாலம் என்பனவே போதியன.

ஒருவருக்கு 120 கிறாம் இறைச்சியும், நடுத்தர அளவான ஐந்தாறு இறால்களும் போதும். இறைச்சியைத் தெரிந்தெடுப்பதிற் கவனம் வேண்டும். விலங்கின் கழுத்தும் காலும் ஓயாது உழைப்பவை. அங்குள்ள இணைப்பிழையங்கள் இளகப் பல மணி நேரம் மெல்லென அவித்தல் வேண்டும். முதுகிலும் இடுப்பிலும் உள்ள தசைகள் குறைவாக உழைப்பதால் அவை மென்மையானவை. சில நிமிடங்களிற் பொரித்தெடுக்கக் கூடியவை. ஆகவே, அப்பகுதியில் இரண்டு சென்றிமீற்றர் கனமுள்ள துண்டொன்றைக் கேட்டு வாங்குதல் நலம். மாட்டிறைச்சி உண்ணாதவர் அதே கனத்தில் அறக்குளா மீன்துண்டைக் கொள்ளலாம். இறால் ஒவ்வாதவர் அதனை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும்.

இறைச்சியை உப்பும் இடித்த மிளகும் தடவி முக்கால் மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால், உப்பு முதலில் நீரை வெளியே இழுத்து, பின்னர் அந்நீருடன் உள்ளே சுவறும். பொரிக்குமுன் மேற்பரப்பைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்துதல் இன்றியமையாதது. ஏனெனில், மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அவ்விடத்து வெப்பம் 100 பாகைக்கு மேல் உயராது. இறைச்சி பொரியாமல் அவியும். ஈரம் நீங்கி வெப்பம் ஏறக்குறைய 140 பாகையை எட்டியபின்பே புரதக்கூறுகளும் சர்க்கரைகளும் கூடி, கபில நிறமும் நறுமணமும் தோன்றும். பிரெஞ்சு அறிஞர் மையார் 1912ஆம் ஆண்டில் விளக்கிய மாற்றம் இதுவே. பொரித்த மேற்பரப்பு உள்ளிருக்கும் சாற்றை அடைத்து வைக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் கருதினார். அக்கருத்துப் பிழையெனப் பின்னர் தெளிவாயிற்று. பொரிப்பதன் பயன் சுவையே.

அடி தடித்த தாச்சியை நன்கு காய்ச்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டை இட்டு, பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடம் பொரித்தல் வேண்டும். பின்னர் அதனை எடுத்து ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். துண்டின் நடுப்பகுதி 63 பாகையை அடைந்து, மூன்று நிமிடமேனும் ஆறியிருந்தால் அச்சமின்றி உண்ணலாம். வெட்டப்படாத துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைத்த இறைச்சியில் அவை எங்கும் கலந்துவிடுவதால் அதனை உள்ளும் புறமும் முற்றாக வேகவைத்தல் வேண்டும்.

இப்பொழுது நெருப்பைத் தணித்து, அதே தாச்சியில் நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பல் உள்ளி, சிறிது கறிவேப்பிலை என்பவற்றை வதக்கி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி சேர்க்க வேண்டும். தூளையும் உள்ளியையும் முதலிலேயே இறைச்சியிற் பூசாததற்குக் காரணம், கடுஞ்சூட்டில் அவை கருகிக் கசக்கும் என்பதே. அடுத்து, கோதும் குடலும் நீக்கிய இறால்களை இட்டால், சாம்பல் நிறம் சிறிது நேரத்திற் செந்நிறமாகும். அச்செந்நிறப் பொருள் இறாலில் முன்னரே உள்ளது. புரதமொன்று அதனைப் பிணைத்து மறைத்திருக்கிறது. வெப்பத்தால் அப்பிணைப்புக் குலைய நிறம் வெளிப்படுகிறது. பக்கத்திற்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும்; மிகுந்தால் இறால் இறுகி றப்பர்போல் ஆகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி முதற்பால் விட்டு, அடியில் ஒட்டிய பொரியலைச் சுரண்டிக் கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தேசிக்காய்ப் புளி சேர்க்க வேண்டும். மூடிவைத்த இறைச்சியில் ஊறிய சாற்றையும் இதனுடன் கலக்கலாம். இறைச்சியை அதன் நாருக்குக் குறுக்காக அரிந்தால் நார்கள் குறுகிப் பல் குறைந்தவரும் எளிதில் மெல்லலாம்.

உறைப்பின் அளவு அவரவர் நாவைப் பொறுத்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்த்துக்கேயரின் கடல் வாணிபத்தால் 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்தது. அதற்குமுன் நம்மவருக்கு உறைப்புத் தந்தது மிளகே. மிளகாயிலுள்ள ‘கப்சைசின்’ என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்பின் ஏற்பியையே தூண்டுகிறது. இதனை 1997ஆம் ஆண்டில் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கப்சைசின் நீரிற் கரைவது அரிது; கொழுப்பிற் கரையும். ஆதலால், உறைப்பு மிகுந்தால் தண்ணீர் குடிப்பதிலும் ஒரு கரண்டி தயிர் உண்பது பயன் தரும். குடும்பச் சமையலில் உறைப்புக் குறைந்தவருக்கும் கூடியவருக்கும் இடையே ஓர் அளவைத் தேட வேண்டும். தனித்துச் சமைப்பவருக்கு அத்தேவை இல்லை.

தனித்திருப்பவர் நோயுற்றால் உடனே கவனிக்க ஆள் இருப்பதில்லை. ஆகவே, கடலுணவைப் பனிக்கட்டியுடன் கொண்டுவந்து அன்றே சமைப்பது நன்று. எஞ்சியதை ஒருவேளைப் பங்குகளாகப் பொதிசெய்து உறையவைத்து, வேண்டிய நாளில் ஒரு பொதியை மட்டும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகச் செய்யலாம். சூரை போன்ற மீன்கள் சூட்டிற் கிடந்தால் ‘ஹிஸ்ரமின்’ என்னும் நச்சுப்பொருள் பெருகும். பின்னர் எவ்வளவு காய்ச்சினாலும் அது அழியாது. பச்சை இறால் அரிந்த பலகையையும் கத்தியையும் கழுவாமல் அவற்றிற் பொரித்த இறைச்சியை வைத்தலும் ஆகாது.

ஒரு கோப்பைச் சோறோ இரு துண்டுப் பாணோ, தக்காளியும் வெங்காயமும் அரிந்த சம்பலும், சிறிது கீரையும் சேர்ந்தால் உணவு நிறைவுபெறும். அதனைத் தாச்சியோடு நின்றபடி உண்ணாமல், தட்டில் இட்டு மேசையில் அமர்ந்து ஆறுதலாக உண்பது, அன்றைய உணவைப் போதிய அளவில் உண்டு முடிக்க முதியவருக்குப் பெரிதும் துணைசெய்யும். வாரத்தில் ஓர் இரவேனும் இவ்வாறு சமைத்துப் பழகியவருக்கு, மற்றைய இரவுகளில் ஒரு முட்டைப் பொரியலுக்கோ மீன் சொதிக்கோ அடுப்பை மூட்டுவது பாரமாகத் தோன்றாது.